ஒட்டுப்படத்தில் மனித முகம்

வானொலியில் இசையைப் பற்றிப் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு. சொல்லால் விளக்க இயலாத இடத்தில் பாடிக் காட்டிவிடலாம். ஓவியத்தைப் பற்றிப் பேசுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் சொல்லைக் கொண்டே படத்தைத் தீட்டவேண்டும்; கேட்பவர்கள் தங்கள் மனத்தையே திரையாக விரித்துக்கொள்ளவேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் படங்களோ தூரிகையால் தீட்டப்பெற்றவை அல்ல. கத்தரிக்கோலும் பசையும் கொண்டு, யாரோ எதற்காகவோ அச்சிட்ட தாள்களை வெட்டி ஒட்டிச் செய்யப்பெற்றவை. அவற்றை ஒட்டுப்படங்கள் என்று அழைப்போம்.

ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் என்று விரைவாக எழுதிக்கொண்டு வந்தவள், சொந்த ஊர் எது என்று கேட்டிருந்த கட்டத்தில் நின்றுவிட்டாள். அவள் பிறந்தது தில்லியில். அவளுடைய பாட்டனார் பிறந்த சிற்றூர் தஞ்சை மாவட்டத்தில் இருக்கிறது. அதை அவள் மூன்று முறை கண்டிருக்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி. “அப்பா, இதில் எதை எழுதுவது?” என்று கேட்டாள். நான் சிற்றூரின் பெயரைச் சொன்னேன், எழுதினாள். ஆயினும் ஐயம் தீர்ந்த முகமாக அது இல்லை. அரசாங்கப் படிவங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்தக் கட்டம் எவ்வளவு சிறியது என்பது அன்றுதான் புலப்பட்டது.

ஒரு மனிதன் யார் என்பதை ஒரே சொல்லால் கூறிவிட இயலுமா? பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த துண்டுகளால் ஆனவன் முழு மனிதன்தானா, அல்லது எங்கோ குறைபட்டவனா? பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நம்மில் பலரும் இந்தக் கேள்வியை வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறோம். சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாவில் சில கலைஞர்கள் இதே கேள்வியைக் கத்தரிக்கோலால் கேட்டார்கள். அவர்கள் கண்ட விடை நமக்கும் பயன்படக்கூடும் என்பதால்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

தாளை வெட்டி ஒட்டும் வழக்கம் பழமையானது. ஆனால் அது ஓவியக் கலையின் நடுக்கூடத்திற்குள் நுழைந்தது 1912-ஆம் ஆண்டில்தான். அந்த ஆண்டு பாப்லோ பிக்காஸோ ஒரு நாற்காலியைச் சித்திரிக்க விரும்பினார். பிரம்புப் பின்னலைத் தீட்டுவதற்கு மாறாக, பிரம்புப் பின்னலைப் போலவே அச்சிட்ட மெழுகுத்துணி ஒன்றை எடுத்து ஓவியத்தின் மீது ஒட்டினார். சுற்றிலும் சட்டத்திற்குப் பதிலாகக் கயிற்றை வைத்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக், மரப்பலகையைப் போல அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் ஓவியத்தில் ஒட்டினார். பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஓவியன் என்பவன் உலகத்தைப் பார்த்து வரைபவன் என்பது அதுவரை இருந்த எண்ணம். இப்போதோ உலகத்தின் ஒரு துண்டே ஓவியத்திற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்பொழுது அது வடிவத்தைப் பற்றிய ஒரு சோதனையாகவே இருந்தது. அதில் மனிதனுடைய துயரம் புகுந்தது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். 1914 முதல் 1918 வரை நடந்த அந்தப் போரிலிருந்து கையிழந்தவர்களும் காலிழந்தவர்களும் முகம் சிதைந்தவர்களும் ஐரோப்பிய நகரங்களுக்குத் திரும்பி வந்தார்கள். மரக்கால்களும் உலோகக் கைகளும் பொருத்தப்பட்ட மனிதர்கள் தெருவில் நடந்தார்கள். உடலே துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டிருந்த காலத்தில், மனிதனை முழு வடிவாக, வழவழப்பாகத் தீட்டுவது பொய்யாகத் தோன்றியது. கலைஞர்கள் கத்தரிக்கோலை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களுள் ஒருவர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1891-இல் ஜெர்மனியில் பிறந்தவர். போர் முழுவதிலும் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். போர் தொடங்கிய நாளில் தாம் இறந்துவிட்டதாகவும், அது முடிந்த நாளில் மீண்டும் உயிர்பெற்றதாகவும் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியவர். 1919-இல் ஒரு மழை நாளில், பாடக் கருவிகளின் விலைப்பட்டியல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தமக்குப் புதுக் கண் திறந்ததாக அவர் கூறுகிறார். தாவரம், விலங்கு, எலும்புக்கூடு, கணிதக் கருவி ஆகியவை ஒரே பக்கத்தில் அருகருகே நின்றன. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத அவற்றை உற்றுப் பார்க்கப் பார்க்க, அவற்றினிடையே கனவில் தோன்றுவது போன்ற ஓர் உறவு எழுந்ததாம்.

1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆந்த்ரே பிரெத்தோன் என்னும் கவிஞர் ஓர் அறிக்கை வெளியிட்டார். விழிப்பு நிலையும் கனவு நிலையும் கலந்த உயர்ந்த உண்மை ஒன்று உண்டு, அதைத் தேடுவதே கலையின் வேலை என்பது அதன் சாரம். அந்த இயக்கத்திற்குத்தான் சர்ரியலிஸம் என்று பெயர். எர்ன்ஸ்ட் அதன் முன்னணியில் நின்றார். 1934-இல் அவர் ‘ஒரு வாரக் கருணை’ என்று பொருள்படும் பெயரில் ஐந்து சிறு புத்தகங்களை வெளியிட்டார். அவற்றில் 182 படங்கள் உள்ளன. கதை சொல்லும் சொற்கள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவான தொடர்கதைப் புத்தகங்களில் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி அவர் அவற்றைச் செய்தார்.

அவற்றுள் ஒரு வகைப் படத்தை உங்கள் மனத்தில் தீட்டிப் பாருங்கள். செல்வர் வீட்டுக் கூடம், கனமான திரைச்சீலைகள், மெத்தை வைத்த நாற்காலி. நன்கு உடுத்திய கனவான் ஒருவர் நிற்கிறார். ஆனால் அவருடைய கழுத்துக்கு மேலே இருப்பது ஒரு பறவையின் தலை. அருகில் ஒரு பெண்மணி. அவள் அஞ்சுகிறாளா, பழகிவிட்டாளா என்பது விளங்கவில்லை. பக்கத்தைத் திருப்பினால் மற்றொரு கனவானுக்குச் சிங்கத் தலை. மதிப்பிற்குரிய குடும்பம் என்று வெளியில் காட்டிக்கொள்வதற்குள் என்னென்ன விலங்குகள் வாழ்கின்றன என்பதை எர்ன்ஸ்ட் கத்தரிக்கோலின் இரண்டு வெட்டுகளில் சொல்லிவிடுகிறார்.

நம் கோயில் தூண்களில் யாளியைக் கண்டவர்களுக்கும், நரசிம்மரையும் விநாயகரையும் வணங்கி வளர்ந்தவர்களுக்கும், மனித உடலில் விலங்கின் தலை புதுமையானதன்று என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. யாளிக்கு ஒரு மரபு உண்டு. தூணில் அதற்குரிய இடம் உண்டு. அதைக் காணும் யாரும் திடுக்கிடுவதில்லை. எர்ன்ஸ்டின் பறவைத் தலை மனிதனுக்கு மரபும் இல்லை, இடமும் இல்லை. அவன் வரக்கூடாத வீட்டிற்குள் வந்துவிட்டான். அந்தப் பொருத்தமின்மையே படத்தின் உயிர்.

எர்ன்ஸ்டின் முறையில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர் ஒட்டின் விளிம்பை மறைத்தார். ஒத்த கோட்டு வேலைப்பாடு கொண்ட படங்களையே தேர்ந்தெடுத்தார். ஒட்டிய பிறகு அதை மீண்டும் அச்சிட்டார். அச்சில் வந்தபோது எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார் என்பது தெரியவில்லை. கனவு காணும்போது அது கனவென்று நமக்குத் தெரியாதது போல, இதிலும் தெரியாது. அவருடைய மூல ஒட்டுகள் 2008-இல் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றன. 1936-இல் மாட்ரிட் நகரில் காட்டப்பெற்ற பின்னர், அப்போதுதான் மக்கள் அந்தத் தாளின் விளிம்புகளை நேரில் கண்டார்கள்.

அந்த நாட்களில் சர்ரியலிஸ நண்பர்கள் ஒரு விளையாட்டும் ஆடினார்கள். ஒருவர் தாளில் தலையை வரைந்து, அதை மடித்து மறைத்து அடுத்தவரிடம் கொடுப்பார். அடுத்தவர் மேலே என்ன இருக்கிறது என்று அறியாமலே உடலை வரைவார். அவரும் மடித்துக் கொடுப்பார். மூன்றாமவர் கால்களை வரைவார். பிரித்துப் பார்த்தால், மூவரில் எவரும் தனியாகக் கற்பனை செய்திருக்க முடியாத ஓர் உருவம் நிற்கும். இது குழந்தை விளையாட்டுப் போலத்தான் தோன்றும். ஆனால் மனித வாழ்க்கைக்கு இதைவிட நெருங்கிய உவமை கிடைப்பது அரிது. நமக்கு முன்னால் இருந்தவர்கள் மடித்து வைத்துப்போன தாளில்தான் நாமும் நம் பகுதியை வரைகிறோம்.

எர்ன்ஸ்ட் விளிம்பை மறைத்தார் என்றேன். விளிம்பை மறைக்க மறுத்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் ஹன்னா ஹோக். 1889-இல் பிறந்தவர். பெர்லினில் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்தில் 1916 முதல் 1926 வரை பணியாற்றினார். அவருடைய வேலை, பெண்களுக்கான பக்கங்களில் தையல், பின்னல் வேலைகளுக்குரிய மாதிரிகளை வரைந்து தருவது. அதே நிறுவனம் படப் பத்திரிகைகளையும் அச்சிட்டது. பகலில் அவர் கைக்கு வந்த அந்தப் பத்திரிகைகளே பின்னர் அவருடைய கலைக்கு மூலப்பொருள் ஆயின.

1919-இல் அவர் செய்யத் தொடங்கிய பெரிய ஒட்டுப்படம் 1920-இல் பெர்லினில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பெற்றது. நூற்றுப்பதினான்கு சென்டிமீட்டர் உயரம். ஏறக்குறைய தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். அதன் நீண்ட தலைப்பில், சமையலறைக் கத்தியால் ஒரு காலத்தை அறுத்துப் பார்ப்பதாகக் கூறுகிறார். படத்தில் அரசியல்வாதிகளின் தலைகள், சக்கரங்கள், இயந்திர உறுப்புகள், கூட்டங்கள் எல்லாம் சுழல்கின்றன. அந்நாளைய சிறந்த ஓவியராகிய கேத்தே கோல்விட்ஸின் தலை, ஒரு நடனமாதின் உடலுக்கு மேலே மிதக்கிறது. கீழே ஒரு மூலையில் ஐரோப்பாவின் வரைபடம். அதில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்திருந்த நாடுகள் காட்டப்பட்டிருக்கின்றன. ஜெர்மானியப் பெண்கள் தேசியத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1919 ஜனவரியில். அந்த வரைபடத்தின் ஓரத்தில் ஹன்னா ஹோக் தம்முடைய முகத்தை மிகச் சிறியதாக ஒட்டிவைத்தார். எவ்வளவு பெரிய கூட்டம், எவ்வளவு சிறிய முகம்! ஆயினும் தாம் யார் என்பதை அவர் எந்த இடத்தில் ஒட்டினார் என்பதைப் பாருங்கள். பிறந்த ஊரின் பெயருக்கு அருகில் அல்ல. புதிதாகப் பெற்ற உரிமைக்கு அருகில்.

பின்னர் அவர் மனிதஇன அருங்காட்சியகம் என்ற பெயரில் ஒரு வரிசைப் படங்களைச் செய்தார். அந்தக் காலத்து ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவந்த சிலைகளையும் முகமூடிகளையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, இவர்கள் இன்னார் என்று சீட்டு எழுதி ஒட்டின. அந்த வரிசையில் 1930-இல் செய்த ஒரு படத்தின் பெயர் ‘இந்திய நடனமாது’. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அதில் உள்ள முகம் பிரெஞ்சு நடிகை ஃபால்கோனெட்டியினுடையது. 1928-இல் வெளிவந்த ஜோன் ஆஃப் ஆர்க் திரைப்படத்தில் அவர் நடித்த தோற்றம். முகத்தின் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டு மர முகமூடித் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. தலையில் ஒரு கிரீடம். அதில் மணிகள் இல்லை, கரண்டியும் கத்தியும் வடிவத்தில் வெட்டிய தாள்கள்.

நான் குறிப்பிட்ட இவற்றுள் இந்தியாவைச் சேர்ந்தது எதுவும் இல்லை. பிறகு ஏன் அந்தப் பெயர்? இதில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஒருவர் மீது ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் போதும், அவர் அதுவாகவே பார்க்கப்படுவார். இந்திய நடனமாது என்று எழுதிவிட்டால், பாரிஸ் நடிகையின் கண்ணீர் முகத்தையும் ஆப்பிரிக்க மரத்தையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தொடங்குகிறோம். வடக்கே வந்து குடியேறிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாளில், தமக்குப் பொருந்தாத ‘மதராஸி’ என்ற சீட்டைத் தம் முதுகில் உணர்ந்திருப்பார். நாமும் பிறர் முதுகில் அப்படிப்பட்ட சீட்டுகளை ஒட்டாதவர்கள் அல்லோம். அந்தப் படத்தில் வெட்டு விளிம்புகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. துண்டுகளைத் துண்டுகள் என்றே ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு இவள் யார் என்று கேளுங்கள் என்று அது சொல்லாமல் சொல்லுகிறது.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்லவேண்டும். கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் சர்ரியலிஸக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் ஒட்டுப்படத்திற்கு அவரளவு வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் குறைவு. 1887-இல் ஹனோவர் நகரில் பிறந்தவர். டிராம் சீட்டுகள், உறைகள், பொட்டலத் தாள்கள், விளம்பரத் துண்டுகள் என்று மக்கள் வீசி எறிந்தவற்றைப் பொறுக்கிப் படமாக்கினார். 1919-இல் ஒரு வங்கியின் விளம்பரத் தாளை வெட்டியபோது, வணிகம் என்று பொருள்படும் சொல்லின் கடைசி அசை மட்டும் எஞ்சியது: ‘மெர்ஸ்’. பொருளற்ற அந்த அரைச் சொல்லையே தம் கலை முழுவதற்கும் பெயராக வைத்துக்கொண்டார். தம் வீட்டின் அறைகளையே ஒரு பெரிய ஒட்டுச் சிற்பமாகப் பல ஆண்டுகள் வளர்த்துக்கொண்டிருந்தார்.

1937-இல் நாஜிகளின் கெடுபிடிக்கு அஞ்சி அவர் நார்வேக்குச் சென்றார். 1940-இல் ஜெர்மன் படை நார்வேயையும் பிடித்தபோது பிரிட்டனுக்குத் தப்பினார். பகை நாட்டில் பிறந்தவர் என்பதால் பிரிட்டிஷார் அவரை மான் தீவில் முகாமில் அடைத்தனர். 1941-இல் விடுதலை பெற்றார். 1943-இல் விமானக் குண்டுவீச்சில் ஹனோவரில் இருந்த அவருடைய வீடும் சிற்பமும் அழிந்தன. அடுத்த ஆண்டில், அங்கேயே தங்கிவிட்ட மனைவியும் இறந்தார்.

அவருடைய ஒட்டுப்படங்களை ஆண்டு வரிசையில் பார்த்தால், மொழி மாறுவதைக் காணலாம். தொடக்கத்தில் தாள்களில் ஜெர்மன் எழுத்து. பிறகு நார்வேயின் சொற்கள் வருகின்றன. பின்னர் ஆங்கிலம்: பேருந்துச் சீட்டு, மிட்டாய் உறை. ஒரு மனிதனுடைய குடிபெயர்ச்சி முழுவதும் குப்பைத் தாள்களில் எழுதப்பட்டிருக்கிறது. தாய்மொழியிலும் அவர் கவிஞர். புதிய நாட்டில் அந்தக் கவிதைக்குக் கேட்போர் இல்லை. ஆனால் புதிய நாட்டின் குப்பைத்தாள் அவரை மறுக்கவில்லை. 1948 ஜனவரி 7-ஆம் நாள், அவருக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வழங்கப்பட்ட செய்தி வந்து சேர்ந்தது. மறுநாள் அவர் இறந்தார். அந்தச் செய்தி வந்த பின் ஒரு நாள் மட்டுமே அவர் வாழ்ந்தார். அவர் ஒட்டிய தாள்களோ பல ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டுக் குடிகளாகியிருந்தன.

இம்மூவரையும் ஒன்றுசேர்க்கும் செய்தி ஒன்று உண்டு. 1937-இல் மூனிக் நகரில் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மக்கள் கண்டு எள்ளவேண்டும் என்பதற்காகவே நடத்தினார்கள். அதில் எர்ன்ஸ்டின் படைப்பும் ஷ்விட்டர்ஸின் படைப்பும் இருந்தன. ஹன்னா ஹோக் பெர்லின் எல்லையில் ஒரு சிறு வீட்டில் ஒதுங்கி, தம் படைப்புகளையும் நண்பர்களின் படைப்புகளையும் மறைத்துவைத்துக் காப்பாற்றினார். இந்தக் கலையின் மீது அவர்களுக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு? தூய இரத்தம், கலப்பற்ற இனம் என்று முழங்கியவர்கள் அவர்கள். எதுவும் கலப்பில்லாமல் இல்லை என்று ஒரு சிறு தாள்துண்டு காட்டிவிடுமானால், அந்த முழக்கம் முழுவதும் பொய்யாகிவிடும். ஆகையால்தான் அவர்கள் பசைக்கும் கத்தரிக்கோலுக்கும் அஞ்சினார்கள்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தில்லியில் வாழ்ந்து 2023-இல் மறைந்த விவான் சுந்தரம், நம் காலத்தின் குறிப்பிடத்தக்க கலைஞர்களுள் ஒருவர். அவருடைய தந்தை கல்யாண சுந்தரம் தமிழர்; சுதந்தர இந்தியாவின் சட்டத்துறைச் செயலாளராகவும், 1958 முதல் 1967 வரை நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராகவும் பணியாற்றியவர். தாய் இந்திரா, புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லின் தங்கை. இந்தச் சகோதரிகளின் தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர், வடமொழி அறிஞர். தாய் ஹங்கேரி நாட்டவர். ஒரே குடும்பத்தில் எத்தனை ஊர்கள், எத்தனை மொழிகள்! படிவத்தின் அந்தச் சிறிய கட்டத்தில் இவர்கள் எதை எழுதியிருக்க முடியும்?

அம்ரிதா 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தார். பாரிஸில் ஓவியம் பயின்றார். 1934-இல் இந்தியா திரும்பினார். 1937-இல் தென்னாட்டுப் பயணத்தின் பயனாக ‘பிரம்மச்சாரிகள்’ முதலிய ஓவியங்களைத் தீட்டினார். 1941-இல் தம் இருபத்தெட்டாம் வயதில் லாகூரில் காலமானார். விவான் பிறந்தது 1943-இல். ஆகவே பெரியம்மாவை அவர் கண்டதே இல்லை. ஆனால் பாட்டனார் உம்ராவ் சிங் பல பத்தாண்டுகள் தம் குடும்பத்தைப் புகைப்படம் எடுத்துவந்தவர். அந்தப் படங்கள் பேரனிடம் இருந்தன.

2001-ஆம் ஆண்டு முதல் விவான் சுந்தரம் அந்தப் பழைய புகைப்படங்களைக் கணிப்பொறியில் வெட்டி இணைத்து ஒரு வரிசைப் படங்களைச் செய்தார். அம்ரிதாவை மீண்டும் எடுத்தல் என்று அதன் தலைப்பிற்குப் பொருள் கொள்ளலாம். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் எடுக்கப்பட்ட உருவங்கள் ஒரே அறையில் வந்து கூடுகின்றன. முதிய தந்தையும், இளமை மாறாத மகளும் அருகருகே நிற்கிறார்கள். கண்ணாடிக்குள் வேறொரு காலம் தெரிகிறது. படம் எடுத்தவராகவே இருந்து மறைந்து நின்ற பாட்டனார், இப்போது படத்திற்குள்ளேயே வந்துவிடுகிறார். சாவும் தூரமும் பிரித்துவைத்த ஒரு குடும்பத்தை, அவர்களைப் பிறகு வந்து சேர்ந்தவர் ஒருவர் ஒன்றாக உட்காரவைக்கிறார். சர்ரியலிஸத்தாரின் மடித்த தாள் விளையாட்டு நினைவுக்கு வருகிறதல்லவா? பாட்டனார் மடித்துக் கொடுத்த தாளைப் பேரன் விரித்திருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இறந்துபோனவர்களின் படங்களை இவ்வாறு மாற்றி அமைக்க நமக்கு உரிமை உண்டா? நடவாத ஒன்றை நடந்ததுபோலக் காட்டுவது பொய்யாகாதா? கணிப்பொறியின் துணையால் யாருடைய முகத்தையும் யாருடைய உடலிலும் பொருத்தி, சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் மோசடிகள் பெருகியிருக்கும் இந்நாளில், இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது.

என் சிற்றறிவிற்கு எட்டிய விடை இது. மோசடிக்காரன் ஒட்டை மறைக்கிறான், மறைத்ததையும் மறைக்கிறான். பார்ப்பவன் நம்பி ஏமாறவேண்டும் என்பதே அவன் நோக்கம். கலைஞன் ஒட்டை மறைத்தாலும், இது ஒட்டுத்தான் என்பதை மறைப்பதில்லை. பறவைத் தலை மனிதனைக் கண்டு, இப்படி ஒருவர் இருந்தார் என்று யாரும் நம்பப்போவதில்லை. விவான் சுந்தரம் தம் தலைப்பிலேயே, இது மீண்டும் எடுக்கப்பட்டது என்று அறிவித்துவிடுகிறார். ஒட்டுப்படத்தின் நேர்மை துண்டுகளின் தூய்மையில் இல்லை. ஒட்டியதை ஒப்புக்கொள்வதில் இருக்கிறது.

மனிதனுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் நாள்தோறும் ஒட்டை மறைக்கும் வேலையைச் செய்கிறேன். மொழிபெயர்ப்பு என்று தெரியாமல் இருப்பதே அங்கே சிறப்பு. ஆனால் வாழ்க்கையில் அதே முயற்சி மனிதனைக் களைப்படையச் செய்கிறது. சிலர் தில்லியில் இருக்கும்போது தமிழ் வாடை தெரியாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். அவர்களே ஊருக்குப் போகும்போது, பேச்சில் இந்தி கலந்துவிட்டதே என்று நாணுகிறார்கள். இரண்டு இடத்திலும் விளிம்பை மறைப்பதிலேயே காலம் கழிகிறது.

ஒட்டு மாமரத்தைக் கண்டிருப்பீர்கள். ஒரு மரத்தின் வேர்த்தண்டில் இன்னொரு மரத்தின் கிளையை இணைத்துக் கட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே மரமாக வளர்ந்து காய்த்துக் குலுங்கும்போதும், அடித்தண்டில் இணைத்த இடத்தில் தழும்பு பெரும்பாலும் மறைவதில்லை. அந்தத் தழும்பை எவரும் மரத்தின் நோயென்று கருதுவதில்லை. இந்த மரம் எப்படி உண்டானது என்பதற்கு அதுவே சான்று.

என் மகள் அன்று கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை தவறு அன்று. அந்தச் சிற்றூர் அவளுடையதுதான். ஆனால் அது ஒரு துண்டு. அவள் பிறந்த நகரம் ஒரு துண்டு. நண்பர்களோடு அவள் பேசும் மொழி ஒரு துண்டு. அவள் இனிச் சென்று வாழப்போகும் ஊர், இன்னும் ஒட்டப்படாத ஒரு துண்டு. படிவத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும், எழுதட்டும். படிவம் கேட்காத மற்றவற்றையும் தன்னுடையவை என்று அவள் அறிந்திருந்தால் போதும். இந்த விடையை அவளிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் தெரியவில்லை. இன்று இந்தப் பேச்சின் வாயிலாகச் சொல்லுகிறேன்.